கேட் பாஸ்

வீட்டில் மூன்று சர்க்கரை.
ரேஷனில் வாங்கியது சேராது,
அது டப்பாவில் எறும்போடு கிடக்கிறது.

என்னுடையது வந்து போனது.
சின்னவன் வயிற்றில் ஆறு மாசம்.
தித்திப்புத் தண்ணியைக் கொடுத்து
இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள்,
குமட்டலை விழுங்கிக்கொண்டிருந்தேன்.
அவன் பிறந்தான், அதுவும் இறங்கிப் போனது.
"திரும்ப வரலாம், வருஷா வருஷம் பாரு"
என்றார் ஹெலன் சிஸ்டர்.
இரண்டு வருஷமாகப் பார்க்கவில்லை.

தேசிங்குவுடையது எப்போது வந்ததென்று
அவனுக்கே தெரியாது.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவன் என் தம்பி.
பூட்ஸுக்குள் ஆணி. மூன்று நாள்
அதோடு நடந்திருக்கிறான்.
ரத்தத்தைப் பார்த்துத்தான்
கால் இருப்பது ஞாபகம் வந்திருக்கிறது.
காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒன்று,
நடுவில் நாலு டீ.
"பாதி சக்கரைதாங்க்கா."

மதுநிலாவுடையது ஒன்பதே நாள்.
ஒன்பது வயசுப் பிள்ளை பாயை நனைத்தது.
குடத்தைச் சாய்த்துச் சாய்த்துக் குடித்தது.
பாவாடை இடுப்பில் நிற்கவில்லை.
ஸ்டான்லிக்குத் தூக்கி ஓடும்போது
அவள் மூச்சில் அழுகின பழ வாடை.

அப்புறம் ஆளுக்கு ஆள் டாக்டர்.
"சாக்லேட்டா வாங்கிக் குடுத்திருப்ப."
"பாகக்கா அரச்சிக் குடு, ஊசி பழகிடும்."
தேசிங்கு தன் மாத்திரை அட்டையை நீட்டினான்:
"இத ஒடச்சிப் பாதி குடேங்க்கா. ஒரே நோவுதான?"

அன்றைக்குப் பதில் வரவில்லை எனக்கு.
வேறொரு நாள், பஸ்ஸில், எண்ணூர் ரோட்டில் வந்தது.
கண்டெய்னர் லாரி வரிசை, கண்ணுக்கெட்டிய தூரம்.
டிரைவர்கள் வண்டிக்கடியில் சோறு பொங்குகிறார்கள்.
ரோடு கொள்ளாத சரக்கு,
உள்ளே கப்பலோ காலி வயிற்றோடு நிற்கிறது.

ரோடுதானே ரத்தம்.
தேசிங்குக்குப் பாஸ் இருக்கிறது,
கேட்டில் இருப்பவன் நிமிர்ந்து பார்ப்பதில்லை.
ஒன்றுக்குப் பத்தாய் அடித்து அடித்து
பாஸ் அடிக்கும் மிஷினும் தேய்ந்துகொண்டிருக்கிறது.
எனக்கு ஒரு பெரிய கப்பல்
வாசலை அடைத்து நின்று கிளம்பிப் போனது.
என் பிள்ளைக்கு
பாஸ் போடும் ஆபீஸே எரிந்துவிட்டது.
எரித்தது சொந்தக் காவல்காரன்.
ஏன் என்று ஸ்டான்லியிலும் தெரியாது.
சாக்லேட் இல்லை. அது மட்டும் தெரியும்.
எரிந்த ஆபீஸுக்கு மாத்திரை போட்டு என்ன?
தினம் நாலு தடவை
நாமேதான் பாஸ் எழுதித் தர வேண்டும், ஊசியால்.

புயல் வந்து மூன்றாம் நாள். கரண்ட் இல்லை.
ஃப்ரிட்ஜ் வியர்த்துவிட்டது.
புண்ணுள்ள காலில் பால் கவரைக் கட்டி
முழங்கால் தண்ணியில் ஐஸ் பெட்டியோடு வந்தான்.
திட்டினேன். காதில் வாங்கவில்லை.
"ஐஸ் மேல பட்டா மருந்து செத்துடும்க்கா"
லுங்கியைக் கிழித்து மருந்து பாட்டிலைச் சுற்றினான்,
நடுவில் தெர்மாகோல் வைத்தான்,
கையை உள்ளே விட்டான். விட்டபடியே இருந்தான்.

பிறகு மெதுவாக,
"மது, நீ தொட்டுச் சொல்லு. சில்லுனு கீதா?"

இருபது வருஷம் ஐஸில் கிடந்த விரல்கள்.
அவள் தொட்டாள்.
"ரொம்ப இல்ல மாமா. கரெக்டா கீது."

செல்போன் வெளிச்சத்தில்
ஆறு யூனிட் இழுத்தாள், தொடையில் போட்டாள்,
பத்து எண்ணி எடுத்தாள்.
அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

அப்புறம் மிஷினை என் பக்கம் நகர்த்தினாள்.
"விரலக் குடும்மா."
"எனக்கெதுக்குடி."
"குடு."

சுருக்கென்றது. ஒரு பொட்டு.
நூற்றி எழுபத்தெட்டு.

"எப்ப சாப்ட்ட?"

மூன்று நாளில் எது எப்போது என்று
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.