விளக்குமாறு குறுக்கே கிடந்த நேரம்

முந்நூறு என்றார் பூஅஸ்ஸா.
எண்பது என்றேன் நான்.
இருவரும் பொய் சொல்கிறோம் என்பது
இருவருக்கும் தெரிந்ததால்
தேநீர் வந்தது.

ஃபெஸ் நகரின் பழைய மதிலுக்குள்
கன்னார் தட்டும் முற்றத்திலிருந்து
மூன்றாவது சந்து,
அல்லது நான்காவது.
எரிவாயு உருளைகள் சுமந்த கோவேறு கழுதைக்கு
வழிவிட்டுப் பின்னால் சாய்ந்தபோது
முதுகுக்குச் சுவர் கிடைக்கவில்லை,
அவர் கடை கிடைத்தது.
அப்படித்தான் வாடிக்கையாளன் ஆனேன்.

பிடித்துப்போனது ஒரு பித்தளைக் கிண்ணம்.
உள்ளே ஈயம் பூசியது,
விளிம்பில் ஒரு நெளிவு.
நெளிவைக் காட்டி இருபது குறைத்தேன்.
அதே நெளிவைக் காட்டி,
கையால் அடித்ததற்கு இதுவே சாட்சி என்று
பத்து ஏற்றினார்.
அவரிடம் கொஞ்சம் பிரெஞ்சு,
என்னிடம் அதிலும் கொஞ்சம்;
மீதியைப் புருவங்கள் பார்த்துக்கொண்டன.
இருமுறை எழுந்து போவதுபோல் போனேன்.
இரண்டாம் முறை
அவர் கூப்பிடவே இல்லை.
செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்து
நானாகவே திரும்பினேன்.

நூற்று நாற்பதில் நின்றபோது
அசருக்குப் பாங்கு ஒலித்தது.
எழுந்து,
விளக்குமாற்றை எடுத்து
வாசலுக்குக் குறுக்கே வைத்தார்.
கடை இருக்கிறது, கடைக்காரர் இல்லை
என்று அங்கே அதற்கு அர்த்தம்.
நானும் எழுந்தேன்.
தோளை அமுக்கி உட்காரவைத்து
என் கண்ணாடித் தம்ளரை மறுபடி நிரப்பிவிட்டுப்
போயே போய்விட்டார்.

விளக்குமாற்றுக்கு உட்புறமிருந்து
சந்தை வேறு மாதிரி இருந்தது.
போகிற ஒவ்வொருவரும்
வாங்கக்கூடியவராகத் தெரிந்தார்.

அப்போது வந்தாள் இத்தோ
(பெயர் பிறகுதான் தெரியும்).
தலையில் மஞ்சள் துணி, முகவாயில் பச்சைக் கோடு,
கையில் உயிருள்ள கோழி, தலைகீழாக.
விளக்குமாற்றைத் தாண்டாமல்
கைநீட்டிக் காட்டினாள்:
தாம்பாளத்தில் இருந்த கெண்டியை.

எனக்குத் தெரிந்த எண்கள் மொத்தம் நான்கு.
மியா என்றேன். நூறு.
கோழியை மறுகைக்கு மாற்றிச் சிரித்தாள்.
மூடியைத் தட்டினாள்,
அடியைத் தூக்கிப் பார்த்தாள்,
அங்கே இருந்த கரியை
நானே பூசியதுபோல் என்னைப் பார்த்தாள்.
பிறகு இரண்டடி நடந்தாள்.
அந்த நடை எனக்குத் தெரியும்.
தெரிந்தும் கூப்பிட்டுவிட்டேன்.
ஸித்தீன். அறுபது.
மிச்சத் தேநீரைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டுக்
கோழியோடும் கெண்டியோடும் கூட்டத்தில் கரைந்தாள்.
மூன்று இருபது திர்ஹாம் தாள்களைத்
தாம்பாளத்தில் விசிறிபோல் விரித்து வைத்தேன்.
மாதச் சம்பளம் ஒருநாளும் தராத கர்வம்.

பூஅஸ்ஸா வந்தார், முன்கைகளில் இன்னும் ஈரம்.
தாள்களைப் பார்த்தார்.
கெண்டி இருந்த ஈர வட்டத்தைப் பார்த்தார்.
என் தம்ளரைப் பார்த்தார்.
எனக்கு அப்போதுதான் உறைத்தது.

யார், என்றார்.
கோழியை நடித்துக் காட்டினேன்.
பல்வலிக்காரன்
பல் மருத்துவர் பெயரைச் சொல்வதுபோல்
'இத்தோ' என்றார்.
மறுபடி விளக்குமாறு. மறுபடி என் தோள்.
இம்முறை கூடவே ஒரு சுட்டுவிரல்:
எதற்கும் விலை சொல்லாதே.

கால் மணி நேரம்.
ஒரு ஜெர்மானியக் குடும்பம்
தொங்குவிளக்கைக் காட்டி ஏதோ கேட்டது.
நான் கூரையை ஆராய்ந்தேன்.

கெண்டியோடு திரும்பினார்,
எதிரணியின் கோலை மெச்சுகிறவர் முகத்தோடு.
தொண்ணூறு, என்றார்.
ஒரு திர்ஹாம்கூட இறங்கவில்லையாம்.

பிறகு என் கிண்ணத்தைப்
பழைய செய்தித்தாளில் சுற்றினார்.
நூற்று நாற்பது, அதன் கீழே முப்பது,
கோடு, நூற்று எழுபது
என்று பலகையின் தூசியில் விரலால் எழுதினார்.
கணக்கில் பிழை இல்லை.
எண்ணிக் கொடுத்தேன்.
புதிதாகத் தேநீர் போட்டார்.
இம்முறை கெண்டியை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

சந்து முனையில் இத்தோ நின்றிருந்தாள்.
பொட்டலத்தைக் கண்டு
எவ்வளவு என்று புருவத்தால் கேட்டாள்.
மியா, என்றேன்.
தெரிந்த நான்கில்
அதுதான் கொஞ்சம் கௌரவமான எண்.
அவள் தலையை ஆட்டினாள், மரியாதைக்கு.
கோழி நம்பவில்லை.