பதினான்காம் அட்டை

கிழக்கு லண்டன். ஆஸ்பத்திரியின் நான்காம் மாடி.
எனக்கு இடுப்பெலும்பு முறிவு.
பக்கத்துக் கட்டில் வில்ஃப் பார்ஜிட்டருக்குப் பக்கவாதம்:
வலக்கை போயிற்று, பேச்சில் பாதி போயிற்று.
நாற்பது வருஷம் சந்தையில் பழம் விற்ற குரல்
இப்போது தொண்டைக்குள்ளேயே கடை விரித்திருந்தது.

சுசானா அட்டைகளோடு வந்தாள்,
பேச்சுப் பயிற்சி தருகிறவள்.
பிராட்டிஸ்லாவாவில் பாடப்புத்தகத்தை
ஒரு வரி விடாமல் படித்த ஆங்கிலம்.
மாடிப்படிப் படத்தை நீட்டி, இது என்ன என்றாள்.
"ஆப்பிள்ஸ்."
சின்னதாய் ஒரு பெருக்கல் குறி.
ஓரத்தில் எழுதினாள்: தொழில் ஞாபகம்.

பாதங்கள். "பிளேட்ஸ்" என்றார், தட்டுகளாம்.
தலை. "லோஃப்", முழு ரொட்டி.
கண்களைக் காட்டினாள்,
"மின்ஸ்" என்று கொத்துக்கறியைச் சொன்னார்.
பசிக்கிறதா என்று கேட்டாள்.
தொலைபேசியை நாய் என்றபோது
கேட்பதையும் நிறுத்திவிட்டாள்.

வியாழக்கிழமை வந்தார் மேவிஸ், அவர் மனைவி.
தாளை வாங்கிப் பார்த்தவர்
வார்டு முழுக்கத் திரும்பும்படி சிரித்தார்.
"ஏம்மா, ஒண்ணுகூடத் தப்பில்லையே!
ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ், ஸ்டேர்ஸ்.
பிளேட்ஸ் ஆஃப் மீட், ஃபீட்.
லோஃப் ஆஃப் பிரெட், ஹெட்.
மின்ஸ் பைஸ், ஐஸ்."

சொல்லுக்கு ஓசையில் ஒரு ஜோடி தேடுவார்களாம்.
தேடியபின்
ஓசை தந்த அந்தச் சொல்லையே
வெட்டி எறிந்துவிடுவார்களாம்.
நமக்கு எதுகை முன்னால், இரண்டாம் எழுத்தில்.
இவர்களுக்கு வாலில்.
வாலைப் பார்த்து ஆட்டை அடையாளம் சொல்லும் ஊரில்
வாலையும் நறுக்கிவிட்டு
ஆடு எங்கே என்று கேட்கிறார்கள்.

டாக் அண்ட் போன், நாயும் எலும்பும்,
அதுதான் தொலைபேசி.
தமிழில் எழுதினால் இரண்டுமே போன்;
என் இடுப்பில் முறிந்ததும் அதேதான்.

மோதிரம் அணிந்த பெண்ணின் படத்துக்கு
"டிரபிள்" என்றிருந்தார்.
"டிரபிள் அண்ட் ஸ்ட்ரைஃப், வைஃப்.
தொல்லையும் சண்டையும். நான்தான் அது,"
என்று மேவிஸ் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சுசானா பேனாவைத் திருப்பி
ஒவ்வொரு பெருக்கலையும் அடித்துச் சரியாக்கினாள்.
ஒன்பது, பத்து, பதின்மூன்று.
கடைசி அட்டையில் மேவிஸின் விரல் நின்றது.

படம்: ஸ்பூன்.
அவர் சொன்னது: மூன்.

கரண்டிக்கும் நிலாவுக்கும் தமிழில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.
அவர்கள் தெருவிலும் இல்லை போல.
மேவிஸின் உதடு எதையோ தேடி அசைந்தது.
விட்டத்தைப் பார்த்தார், கைப்பையைத் திறந்து மூடினார்.
"ஹார்வெஸ்ட் மூன், ஸ்பூன்," என்றார் வேகமாய்.
"அறுவடை நிலா. எங்க பக்கம் எல்லாரும் சொல்றதுதான்."
காது மடல் சிவந்திருந்தது.

சுசானா கெட்டிக்காரி.
பதின்மூன்று அட்டையில் விதி படித்துவிட்டாள்.
விதிப்படி அவர் ஹார்வெஸ்ட் என்றிருக்க வேண்டும்.
வெட்டி எறிய வேண்டிய வாலை அல்லவா சொல்லியிருக்கிறார்?
எனக்கும் கணக்கு தெரிந்துவிட்டது;
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பேனா தாளுக்கு மேலேயே நின்றது.
"இது எனக்குத் தெரியாது," என்றாள். "நன்றி."
சரியும் போடவில்லை, தப்பும் போடவில்லை.

நாலு மணிக்கு வண்டி உருண்டு வந்தது.
"ரோஸி!" என்றார் வில்ஃப்.
ரோஸி லீ, டீ. அது அசல்.
சுசானா அவர் இடக்கையில் ஸ்பூனை வைத்து
"ஹார்வெஸ்ட்," என்றாள், மெதுவாக,
பாடப்புத்தக உச்சரிப்பில்.

அவர் கலக்கவில்லை.
வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பிடித்து
வெகு நேரம் பார்த்தார்.
குழிந்த பக்கத்தில்
தலைகீழாய், சின்னதாய்,
கைப்பையோடு ஒரு மேவிஸ்.