பக்கத்துக்கு இரண்டு ரூபாய்

நகல் எடுக்க வருகிறவர்கள் மறந்துவிட்டுப் போவது
பெரும்பாலும் அசலைத்தான்.
மூடியைத் தூக்கினால் யாருடைய சாதிச் சான்றோ
முகங்குப்புறக் கிடக்கும்.
அதற்கென்றே ஒரு பிஸ்கட் டின் வைத்திருக்கிறேன்.

ஆடி மாதம். கச்சான் அடித்து
பாலத்தில் சிவப்பு விழுந்திருந்தது.
ராமேஸ்வரம் ரயில் மண்டபத்திலேயே நிற்க
தொப்பியைக் கையால் அழுத்தியபடி
உள்ளே வந்தார் அந்த அம்மாள்.
எழுபது இருக்கும். ஹதாஸ்ஸா.
முதலில் தும்மல் என்று நினைத்தேன்,
மறுபடி சொல்லச் சொன்னேன்.

ஒற்றைத் தாள். மடிப்பில் ஒட்டுப் போட்டது.
முன்பக்கம் அவர் அப்பா தட்டச்சு செய்தது,
இதே ஊரிலிருந்து, நாற்பத்திரண்டில்.
இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிற சனத்தை
மறித்து வைத்துச் சோதித்த முகாமில்
கொக்கிப்புழு பார்க்கிற வேலை அவருக்கு.
வெள்ளைக்காரர் என்றுதான் இங்கே நினைத்திருப்பார்கள்.
வியன்னாவில் அப்படி நினைக்கவில்லை.
யூதன் என்று தெருவைத் தேய்க்க வைத்தார்கள்.

செஞ்சிலுவை மூலம் அக்காளுக்கு எழுதலாம்.
இருபத்தைந்து சொல்லுக்கு மேல் கூடாது.
நலம். வெயில். இரண்டு பக்கமும் கடல்.
நீ பின்னிய கம்பளிச் சட்டை பெட்டியிலேயே இருக்கிறது.

பின்பக்கம் பதில். அக்காள் கையெழுத்து இல்லை.
ஊதா மையில் ரப்பர் முத்திரை:
பெறுநர் புறப்பட்டுவிட்டார். எங்கே, தெரியாது.

பிறகு சாகும்வரை அப்பா
சாப்பாட்டு மேசையில் விரல் மடக்கிப் பேசினாராம்.
இருபத்தைந்து வந்ததும் கைகழுவ எழுந்துவிடுவார்.
பிள்ளைகளுக்கு அது விளையாட்டு.
உப்பு என்றால் ஒரு சொல் செலவு,
சைகையால் கேட்பார்களாம்.
செத்த தேதி தெரியாததால்
முத்திரையின் தேதியில் விளக்கு ஏற்றுகிறார்கள்.
அன்றைக்குப் பேரப்பிள்ளைகளும்
ஆளுக்கு இருபத்தைந்துதான்.

பெஞ்சில் கொறற்றி அக்கா காத்திருந்தார்.
பேசாலைக்காரர், முகாமில் பதினேழு வருடம்.
தம்பி றெஜினோல்டுக்கான மனு,
ஏழாவது ஆணையமோ எட்டாவதோ.
படிவத்தில் 'காணாமற் போனவர்' என்று அச்சடித்திருக்கும்.
'போனவர்' என்பதை அடித்து
'ஆக்கப்பட்டவர்' என்று எழுதுவார்.
ஒன்றில் அடித்துவிட்டு நூறு நகல் எடுக்கலாமே அக்கா,
ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.
"வேண்டாம். ஒவ்வொண்டையும் நான்தான் அடிக்கோணும்."

"உவ என்ன சொல்லுறா?"
என் ஆங்கிலத்தில் கேட்டதை என் தமிழில் சொன்னேன்.
புறப்பட்டுவிட்டாளாம்.
ஒரே சொல். அதற்குள் அக்காள் இருக்கிறாள்,
இனித் திரும்பாதது இருக்கிறது,
யாரோ சொல்லக் கேட்டது, நமக்கென்ன என்பதும் இருக்கிறது.
"ஆர் சொன்னது?"
முத்திரை.
"முத்திரைக்கு என்ன தெரியும்."

ஹதாஸ்ஸாவுக்குத் தமிழ் தெரியாது.
அடித்த கோடு தெரிந்தது. என்ன என்று கேட்டார்.
பள்ளிக்கூடத்தில் செயப்பாட்டுவினைக்கு
எனக்கு இரண்டே மதிப்பெண். திணறினேன்:
போனவர் என்றால் அவராகப் போனது.
ஆக்கப்பட்டவர் என்றால் ஒருவன் செய்தது.
அந்த ஒருவன் சொல்லில் இல்லை.
ஆனால் இருக்கிறான்.

அக்கா பேனாவை நீட்டினார்.
அசலைத் தள்ளி வைத்துவிட்டு
சூடு ஆறாத நகலை எடுத்து
அந்தச் சொல்லை அடித்தார் ஹதாஸ்ஸா.
மேலே எதுவும் எழுதவில்லை.
முனை தாளைத் தொட்டுக்கொண்டே நின்றதில்
ஒரு பொட்டு மை ஊறியது.

"அவவுக்கு விளக்கு கிடக்கு," என்றார் அக்கா,
எனக்கா, மெஷினுக்கா தெரியவில்லை.
ஆன்மா இளைப்பாற்றிப் பூசைக்குப் பங்குச்சாமி
மூன்று முறை கேட்டாயிற்று.
"நான் குடுக்கமாட்டன்."
இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

நாலு மணிக்கு ரயில் ஊதியது.
போகுமுன் இருவரும், முதலில் ஒருவர், அப்புறம் மற்றவர்,
மூடியைத் தூக்கிக்
கண்ணாடியைக் கையால் தடவிப் பார்த்தார்கள்.
ஒன்றும் இல்லை.

இருபது கொடுத்திருந்தார். முன்னும் பின்னும் நாலு ரூபாய்.
மீதியோடு நான் ஓடுவதற்குள்
ரயில் பாலத்தை எட்டிவிட்டது.
பதினாறு ரூபாயும்
டின்னில்தான் கிடக்கிறது.