தொண்ணூற்றேழரை மில்லிமீட்டர்

வாரத்தில் ஐந்து நாள்
பாயான் லெப்பாஸ் ஆலையில்
அளவுகளின் பொய்யைப் பிடிப்பது என் வேலை.
தலைமுடி ஒன்றைப் பத்தாகக் கிழித்து
அதில் ஒரு கீற்று பிசகினாலும்
பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்புவேன்.

சனிக்கிழமை மாலை
அடுக்குமாடியின் கீழே
பழைய சத்ரியாவுக்கு
ஃபைசால் இரவல் தந்த பதினேழு அங்குலத்தை மாட்டி,
சக்கர வளைவுக்குள்
அக்காள் மகன் லோகித்தனின் களிமண்ணை
உருட்டி உருட்டி ஒட்டுகிறேன்.
பின்னிருக்கையில் நான்கு அரிசி மூட்டை.
ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்து
இறங்கிக் குனிந்து பார்த்தால்
நசுங்கிய இடத்திலெல்லாம்
இடமில்லை என்று எழுதியிருக்கிறது.

"கொஞ்சம் உரசும், பழகிவிடும்,
பதினேழு போட்டால்தான் காடி நிமிர்ந்து நிற்கும்"
இது ஃபைசால்.

ஜெலுத்தோங் டயர் கடை சூன் ஹோக்
நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
"ஓட்டவா, நிறுத்திவைத்துப் படம் எடுக்கவா?"
மலாயில்தான் கேட்டார்.
எனக்குத் தமிழில் உறைத்தது.

உறைத்ததால்தான் அன்றிரவே ஓட்டினேன்.

ஆயர் ஈத்தாம் இறக்கம்,
மழை விட்ட ஐந்தாம் நிமிடம்,
தண்ணீருக்கடியில் ஒரு சாக்கடை மூடி.
சத்தம் பெரிதில்லை.
சோற்றில் கல் கடிபட்ட மாதிரி ஒன்று.
பிறகு ஸ்டியரிங்
என் கையைப் பிடித்துக்கொண்டு நடுங்கியது.
ரிம்மின் உதடு உள்ளே மடிந்திருந்தது.
அறுநூற்றைம்பது வெள்ளி.
ஃபைசால் "பரவாயில்லை" என்றான்,
நோட்டுகளை இரண்டாம் முறை எண்ணிக்கொண்டே.

சமையலறை மேசையில்
மின்கட்டண பில்லின் முதுகில்
எழுதிப் பார்த்தேன்.
நூற்றுத் தொண்ணூற்றைந்து அகலம்.
அதில் பாதி, பக்கச்சுவர்:
தொண்ணூற்றேழரை.
பிறந்தபோதே காடிக்கு இருந்தது அது.
பதினேழில் வெறும் எண்பத்தாறு.
நடுவில் தொலைந்த பதினொன்றரை மில்லிமீட்டர்
சுண்டுவிரல் நகத்தகலம்.
இந்தத் தீவின் குழி, மூடி, ஒட்டுப்போட்ட தார்
எல்லாம் அதற்குள்தான்
அடங்கிக் கிடந்திருக்கின்றன.

இன்னொன்றும் இருந்தது.
சுற்றளவு ஏறக்குறைய ஐந்து விழுக்காடு கூடும்.
மீட்டர் ஒன்று சொல்லும், நான் வேறொன்றில் போவேன்.
ஐந்து விழுக்காடு!
திங்கட்கிழமை என் மேசைக்கு வந்திருந்தால்
கையுறையைக் கழற்றாமலே
திருப்பி அனுப்பியிருப்பேன்.

சூன் ஹோக் சொல்லிக்காட்டவில்லை.
பின்கட்டிலிருந்து நான்கு ரிம் உருட்டி வந்தார்.
பதினைந்து அங்குலம், ஏழு அகலம்,
வெண்கல நிறம், ஒன்றில் மட்டும் நீளக் கீறல்.
குளியலறைத் தராசைக் கொண்டுபோயிருந்தேன்.
சிரித்தார், ஆனால் எண்ணைப் பார்க்கக் குனிந்தார்.
ஃபைசாலுடையது எட்டு புள்ளி ஒன்பது கிலோ.
இது ஐந்து புள்ளி ஆறு.
நான்கு மூலைக்கும் சேர்த்தால்
ஓர் அரிசி மூட்டையை
இறக்கி வைத்த மாதிரி.

"டயர் அகலம் கூட்டலாமே?"
"வேண்டாம். அதே அளவு. ரப்பர் மட்டும் நல்லது."
"பார்க்கிறவர்களுக்குச் சின்னதாகத் தெரியும்."
"பார்க்கிறவர்கள் ஞாயிறு ஐந்தரைக்குத் தூங்குவார்கள்."

ஐந்தரை.
பாலிக் பூலாவ் வளைவுகளில்
டுரியான் கடைகள் இன்னும் தார்ப்பாய்க்குள்.
மூன்றாம் கியர்.
திருப்பியதும் பக்கச்சுவர்
ஒரு கணம் யோசிக்கிறது,
பிறகு ஒத்துக்கொள்கிறது.
அந்தக் கணத்தைத்தான் குறை என்கிறார்கள்.
எனக்கோ அது
கேள்வி கேட்டுவிட்டு
பதிலுக்குக் காத்திருப்பது போல.
உள்ளங்கை அளவில் நான்கு இடம்.
தரைக்கு என்னைத் தெரிந்தது அவ்வளவுதான்.

களிமண்ணைத் திருப்பிக் கொடுத்தபோது
அதில் டயரின் வரி பதிந்திருந்தது.
லோகித்தன் அழிக்கவில்லை,
முதலை என்று பெயர் வைத்திருக்கிறான்.

அணைக்கட்டு தெரிகிற திருப்பத்தில்
மீட்டர் அறுபது என்றது.
உண்மையில் ஐம்பத்தெட்டரை.
ஆலையிலிருந்தே வந்த பொய்,
எனக்கு அளவு தெரிந்த பொய்.
அதோடு
அடுத்த வளைவுக்குள் நுழைந்தேன்.