பாதாளத்தில் ஒரு வரி

புதன் இரவு ஏழு மணி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
எஞ்சின் உறையாதிருக்க
வண்டிகளின் மூக்கிலிருந்து மின்கம்பி இழுத்துக்
கோயில் சுவரில் செருகியிருக்கிறோம்,
தொழுவத்தில் கட்டிய மாடுகள் போல.

சாஸ்கச்சவானின் இந்த மூலையில்
ஒரே போதகருக்கு மூன்று ஊர், மூன்று சபை.
சாலையைப் பனி மூடினால்
பாடம் என் தலையில் விழும்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் நான்.
கிரேக்கம் தெரியாது, எபிரெயு தெரியாது.
எந்தத் திருப்பத்தில் சக்கரம் வழுக்கும் என்று தெரியும்.

கோயிலுக்கு அடியில், நிலவறையில்,
எட்டு மடக்கு நாற்காலி. ஆறில் ஆள்.
காப்பிக் கொப்பரை இருமிக்கொண்டே இருக்கிறது.
விசுவாசப் பிரமாணம், பத்தாவது வகுப்பு,
இன்றைக்கு ஒரே ஒரு வரி:
பாதாளத்தில் இறங்கினார்.

கையேட்டில் நான்கு விளக்கங்கள்.
ஒவ்வொன்றின் கீழும் நம் பதிலுக்குக் கோடு போட்ட இடம்.
வெர்னா கிளாசன் முதலாவதை வாசித்தார்,
வங்கியில் முப்பது வருடம்
கடன் மறுப்புக் கடிதம் வாசித்த குரலில்.

முதியோர் இல்லத்து இரவுப் பணிக்குச்
சீருடையோடு கிளம்பி வந்திருந்த ரோவெனா கேட்டாள்:
"வெள்ளி மாலைக்கும் ஞாயிறு காலைக்கும் நடுவே
அவருக்கு என்ன வேலை?"
பிலிப்பைன்ஸில் அவள் தீவில்
அந்தச் சனிக்கிழமை சேவல்கூட அடக்கித்தான் கூவுமாம்.

புரட்டினேன்.
வெற்றியை அறிவிக்கப் போனார் என்றது ஒன்று.
வெறும் உவமை என்றது இன்னொன்று.
வேண்டாதவர்கள் இவ்வரியை விட்டுவிடுவதுண்டு என்று
அடிக்குறிப்பில் பொடி எழுத்து.

அப்போதுதான் டெல்மர் ஹாகன் தொப்பியைக் கழற்றினார்.
ஒன்பது வகுப்பிலும் வாய் திறக்காதவர்.
பிஸ்கட்டுக்கு வருகிறார் என்றே நினைத்திருந்தோம்.

"இரும்புக் குதிருக்குள் ஆள் புதைந்தால்
மேலே நின்று கயிறு போட்டு இழுக்கக் கூடாது.
கோதுமை இடுப்பை விடாது.
தோள்தான் கழன்று வரும்.
யாராவது உள்ளே இறங்கணும்.
ஆளைச் சுற்றித் தகரம் தகரமாகச் செருகி
உள்ளே இருக்கிற மணியைக் கையால் அள்ளணும்,
வாளியால் அள்ளணும்.
மணிக்கணக்காகும்.
அதுவரைக்கும் அவன் முகத்துக்கு நேரே
உன் முகம் இருக்கணும்.
பேசிக்கிட்டே இருக்கணும்."

கொப்பரை இருமுவதை நிறுத்தியது போலிருந்தது.

"என்ன பேசினீர்கள்?" என்றாள் ரோவெனா.

"ஹாக்கி.
அன்றைக்கு நம்ம ஊர் தோற்றிருந்தது. நல்லதாய்ப் போச்சு,
திட்ட நிறைய இருந்தது."

யார், எந்த வருடம், பிழைத்தானா
என்று ஒருவரும் கேட்கவில்லை.
ஹாகன் பண்ணையின் இரண்டாம் குதிர்
ஏன் பூட்டியே கிடக்கிறது என்று
ரோவெனாவைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.
சற்று நேரத்தில் அவளுக்கும் தெரிந்துவிட்டது.

வெர்னா பேனாவால் மேசையைத் தட்டினார்:
"இது முதல் விளக்கமா, மூன்றாவதா?
எதன் கீழே எழுத?"

தெரியவில்லை என்றேன்.
பிறந்ததிலிருந்து ஞாயிறுதோறும்
மூச்சு விடாமல் தாண்டிப்போன வரி,
பனி மூடிய சாலையோரப் பள்ளம்.
இன்று முன்சக்கரம் அதில் இறங்கிவிட்டது.

முடிவு ஜெபம் எனக்கு நீளமாக வரவில்லை.
கம்பிகளைப் பிடுங்கியதும்
வண்டிகள் உறுமிக் கிளம்பின.
கையுறையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன்.
கீழே இன்னும் விளக்கு எரிந்தது.
பாதிப் படியில் நின்றுவிட்டேன்.

டெல்மர் நாற்காலிகளை மடக்கி
ஒவ்வொன்றாகச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தார்,
தனியே,
யாரிடமோ
போன வார ஆட்டத்தைப் பற்றிப்
பேசிக்கொண்டு.