தனிப்பட்ட உரையாடல்

கச்சான் எழும்பி மூன்றாம் நாள்
கொட்டியாரக் குடாவுக்குள் சூடை ஏறும்
என்று எழுதி, ஓர் இடம் விட்டு,
பிறை அடைப்பைத் திறந்து வைத்தேன்.
திறந்தது திறந்தபடி
நாலு நாளாகக் கிடக்கிறது.

மற்ற வரிகளுக்கெல்லாம் ஆள் இருக்கிறது.
நீரின் சூட்டுக்கு (பீட்டர்சன், 1998).
வலைக்கண் அளவுக்கு (குணதிலக்க மற்றும் பலர், 2011).
அந்தப் பலர் யாரென்று நான் கேட்டதில்லை.
வள்ளத்தில் குனிந்து வாளி வாளியாய்த் தண்ணீர் மொண்டு
வாந்தியும் எடுத்த யாரோ இரண்டு பெடியள்.
ஓரிடத்தில் (மேலது) என்று போட்டிருந்தேன்.
மேலே பார்த்தால் அங்கேயும் (மேலது).
ஏறி ஏறிப் போனேன்.
உச்சியில் ஒருவரும் இல்லை.

இந்த வரி மட்டும் மஃறூபாவினது.
கிண்ணியாவில் ஐஸ் டிப்போ.
பாலத்துக்குக் கிட்ட ஒரு தகரக் கொட்டில், ஈர மரத்தூள்,
தராசுக்குப் பின்னால் பதினொரு சீ.ஆர். கொப்பி.
மீனை அவள் எண்ணவில்லை.
வெளியே போன ஐஸ் கட்டியை எண்ணினாள்,
கடன்காரர் பேருக்கு நேரே.
பதினொரு வருசக் காற்று
அந்தக் கடன் கணக்குக்குள் வீசிக்கொண்டிருந்தது.

"கச்சான் எழும்பினா மூணாம் நாள்
பகலுக்குள்ள ஐஸ் முடியும்.
இது நான் கண்ணால கண்டது.
அமாவாசைக்கு இன்னும் கூடும் எண்டது தாஹிர்,
அவன் சொன்னா பாதிய எடுங்க.
தண்ணி நிறம் மாறும் எண்டது ஈச்சந்தீவுத் தவேந்திரன்.
அத முழுசா எழுதலாம். ஆனா
அவன் எனக்கு ஏழாயிரம் தரணும்,
அதையும் எழுதிக்கங்க."

யார், எங்கே, எவ்வளவு நம்பலாம்,
எல்லாம் ஒரே மூச்சில்.
ஆண்டு மட்டும் அவளிடம் வேறு மாதிரி:
பாதை ஓடின கடைசி வருசம்.
பாலம் துறந்த வருசம்.
மகனுக்கு டெங்கு வந்த வருசம்.

முதல் வரைவில் நான் அவளை
'உள்ளூர் மீனவர் கூறுவர்' என்று எழுதியிருந்தேன்.
அவள் கடலில் கால் நனைத்ததே
குளிக்கப் போன அன்றுதானாம்.
பெயர் சொல்லாத மீளாய்வாளர் ஒருவர்
ஓரத்தில் சிவப்பில் கேட்டிருந்தார்: எந்த மீனவர்?
கேட்டவருக்கும் பெயரில்லை.
கேள்வி நியாயம்.

வழிகாட்டி கறாராகச் சொல்கிறது:
அச்சில் ஏறாதது தனிப்பட்ட உரையாடல்.
உரைக்குள் பெயரும் திகதியும் போடலாம்,
கடைசிப் பட்டியலில் சேர்க்கக் கூடாது.
படலையில் நின்று கதைத்துவிட்டுப் போகலாம்,
பந்தியில் இலை போடமாட்டார்கள்.

நேற்றுப் பின்னேரம் நிலாவெளி பஸ்சுக்கு நிற்கையில்
திருத்திய பிரதி என் கையில்.
பின்னால் மூச்சுக் கேட்டது.
இந்த ஊர் மான்களுக்குப் பயமென்றால் என்னவென்று தெரியாது.
வாழைப்பழத் தோலில் தொடங்கி
வாக்காளர் துண்டு வரைக்கும் தின்னும்.
புள்ளிமான் ஒன்று கடைசித் தாளைக் கவ்வி இழுத்தது.
பீட்டர்சன் போனார்.
குணதிலக்கவும், அந்தப் பலரும் போனார்கள்.
மென்று விழுங்கி, இன்னும் உண்டா என்று
என் முகத்தைப் பார்த்தது.

மஃறூபா அந்தத் தாளில் இல்லை.
உள்ளே, ஒன்பதாம் பக்கத்தில்,
திறந்த பிறைக்குப் பக்கத்தில்
இன்னும் எழுதப்படாமல் இருந்தாள்.

மற்றவர்களைக் கணினியிலிருந்து
ஒரு பொத்தானில் திரும்ப எடுத்தேன்.
அவளைத்தான் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருந்தது.
பேர் போடட்டா?

"போடுங்க. ஃ வரணும்.
பேங்க்காரன் எப்பவும் அத விட்டுர்றான்.
மெதுவாப் பேசுங்க, தகரம் அடிச்சிக்கிது,
காலயில இருந்து கச்சான்."

ஃ போட்டேன்.
இன்றைய திகதி போட்டேன்.
பிறையை மூடினேன்.

நாளை மறுநாள் பகல்
கிண்ணியாவுக்குப் போகிறேன்,
ஐஸ் இருக்கிறதா என்று பார்க்க.