எந்தத் தடவை

பிரதேச சபை தந்த படிவத்தில் ஒன்பது நிரல்கள்.
பார்க்கத்தக்க இடம், தொடங்கிய ஆண்டு, சிறப்பு,
வாகனத் தரிப்பிடம், மலசலகூடம், இன்ன பிற.
மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வரைக்கும்
றோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவரச் சொன்னார்கள்.
வெளியூரார் கையில் கொடுக்க
ஒரு வரைபடம் வேண்டுமாம்.
மாசிக் கடைசி. ஸ்கூட்டிக்கு இரண்டு லீற்றர் பெற்றோல்.
ரசீது பத்திரம், என்றார் கணக்காளர்.

ஒலுமடுவில் அரியகுட்டியின் மில்.
வணக்கம் சொன்னது எனக்கே கேட்கவில்லை,
எஞ்சின்தான் கதைத்துக்கொண்டிருந்தது.
அவர் முதலில் என் கையைப் பார்த்தார்.
"நெல் எங்க?"
நெல் இல்லை, பார்க்க வந்தேன் என்றேன்.
"பாக்கவோ?"
திரும்பி, வரிசையில் நின்றவர்களுக்கும் அதைச் சொன்னார்.
மூட்டைகளோடு நின்ற ஐந்து பேரும்
என்னை ஒருதரம் வடிவாகப் பார்த்தார்கள்.
அன்றைக்கு அந்த மில்லில்
பார்க்கத்தக்க இடம் நான்தான்.

வார் கூரைவரை ஏறி இறங்குகிறது.
தவிட்டுத் தூசியில் வெயில் தடிதடியாய் நிற்கிறது,
பிடித்து ஏறலாம் போல.
எஞ்சினின் வயிற்றில் வார்த்த ஆங்கில எழுத்து,
அதன்மேல் மூன்று குறி திருநீறு.
தொடங்கிய ஆண்டு?
"எந்தத் தடவை?" என்றார்.

பேனையை நிரலில் ஊன்றியபடி நின்றேன்.
"அப்பர் பூட்டினது ஐம்பத்தெட்டு.
நான் கழட்டிக் கிணத்துக்குள்ள இறக்கினது தொண்ணூற்றேழு.
தூக்கித் துடைச்சுப் பூட்டினது ரெண்டாயிரத்து மூண்டு.
பிறகு ஒருக்கா..."
வார் நழுவியது. எழும்பிப் போய்விட்டார்.
நான்காவது ஆண்டு எனக்குத் தெரியும், அவர் சொல்லவில்லை.
சின்னக் கட்டத்துக்குள் மூன்றை எறும்பெழுத்தில் அடுக்கி
ஒரு காற்புள்ளி போட்டுவிட்டு வந்தேன்.

கரிப்பட்டமுறிப்பில் நேசமலரின் தோட்டம்.
கம்பி வேலியில் வெறும் மீன் ரின்கள்,
காற்றுக்கே ஆடிக் காவல் செய்கின்றன.
இரவு யானை வந்து
பதினேழு பப்பாசியைச் சாய்த்துவிட்டுப் போயிருக்கிறது.
எண்ணிக் காட்டினாள், கடன்காரி எண்ணுவது மாதிரி.
மிளகாய்ப் பாத்தி நடுவே ஒரு காலடி, அண்டா அளவு.
வாய்க்கால் தண்ணீர் அதற்குள் தேங்க
ஒரு தவளை குடியேறிவிட்டது.
"இதைக் காட்டினால் ஆளுக்கு எவ்வளவு கேக்கலாம்?"
தெரியவில்லை அக்கா.
"நூறு கேக்கட்டே? வெள்ளைக்காரருக்கு ஐந்நூறு."
சிறப்பு என்ற நிரலில் 'காலடி' என்றெழுதினேன்.
பிறகு 'காயும்வரை' என்றும்.
விழுந்த மரத்துப் பழமொன்றை பையில் திணித்தாள்.
அதற்கு ரசீது கிடையாது.

அடுத்த வளைவில் முதலை.

வீட்டுத்திட்டத்தில் மிஞ்சிய சீமெந்தில்
மேசன் சந்தனம் கட்டியது, பதினான்கு அடி.
முத்தையன்கட்டில் ஒருநாள் நேரே கண்டதாம்,
கண்ட பயம் போகத்தான் கட்டினேன் என்றார்.
பல்லெல்லாம் உடைந்த தரை ஓடு.
திறந்த வாய்க்குள் பஸ்காரர் எறிந்த சில்லறை,
ஒரு பிள்ளையின் ஒற்றைச் செருப்பு.
வால் மட்டும் வெள்ளைக் கோட்டைத் தாண்டி
றோட்டுக்குள் ஒரு முழம்.

படிவத்தை நீட்டினேன்.
உள்ளே போய் அவரும் ஒரு கடுதாசி கொண்டுவந்தார்.
அனுமதியற்ற கட்டுமானம். பதினான்கு நாளில் அகற்றவும்.
அதே இலச்சினை, அதே கையொப்பம்,
தட்டச்சில் அதே உடைந்த 'ற'.
இரண்டையும் முதலையின் முதுகில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து
காற்றுக்குக் கல் வைத்தார்.
"பிள்ளை, இதில எதை நான் கேக்கிறது?"

நான் பதில் சொல்லவில்லை.
பழத்தை வெட்டினோம். விதையை முதலைக்குப் போட்டார்.
இரண்டு பஸ் போனது, இரண்டும் வேகம் குறைத்தது.
கேட்க வேண்டியதைக் கேட்டு முடிப்போம் என்று
மலசலகூடம்? என்றேன்.
"வீட்டுக்குப் பின்னால இருக்கு, போங்கோ பிள்ளை.
வாளியில தண்ணி கிடக்கு."

காலை ஏழு மணியிலிருந்து றோட்டில் நிற்கிறேன்.
போனேன்.
வந்து, அந்த ஒரு நிரலில் மட்டும்
தயங்காமல் எழுதினேன்:
ஆம்.